லாச்சி அலுமாரிக்குப் பெயின்டா, ஸ்டெயினா?

கல்லடியில் வீடு மாறிப்போன ஒருவரிடம் ஐந்து லாச்சி வைத்த பழைய அலுமாரி ஒன்றை வாங்கினேன். "78 சூறாவளியில விழுந்த முதிரை" என்றார். மட்டக்களப்பில் பழைய தளபாடம் விற்கிற யாரைக் கேட்டாலும் மரம் 1978 சூறாவளியில்தான் விழுந்திருக்கும். மேலே பச்சை எனமல், அதற்கடியில் மண்ணிறம். லாச்சியின் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தேன். மஞ்சளாய்ப் பட்டுப்போல மினுங்கியது. மனுசன் சொன்னது பொய்யில்லை, முதிரையேதான்.

பெயின்ட் அடிப்பது லேசு. பழைய பூச்சு இறுக்கமாக நின்றால் உரித்தெடுக்கத் தேவையில்லை. 120 சாண்ட் பேப்பரால் மினுக்கத்தைக் கொன்று, பள்ளத்துக்குப் பட்டி வைத்து, பிரைமரின் மேல் எனமல் இரண்டு கோட். ஒட்டுப்போட்ட பலகை, கறை, பூச்சி அரித்த ஓட்டை எல்லாம் மறைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாளாவது காயவிட வேண்டும், மாரியில் அதுவும் போதாது. லாச்சியின் பக்கங்களுக்கு மட்டும் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். முன்பு ஒரு மேசைக்கு அழகு பார்த்து அடித்தேன். மார்கழி ஈரத்தில் மரம் ஊத, பெயின்டின் தடிப்பும் சேர்ந்து லாச்சி இறுகிவிட்டது. உள்ளே அடையாள அட்டை. பின்பலகையைக் கழற்றித்தான் எடுத்தேன். அந்த இடத்துக்கு மெழுகுதிரியைத் தேய்த்தாலே போதும்.

ஸ்டெயின் வேறு சாதி. அது மறைக்காது, மரத்துக்குள் இறங்கி நிறம் மாற்றும், அவ்வளவுதான். அதனால் பழைய பூச்சு ஒரு பொட்டும் இல்லாமல் போக வேண்டும். 80, 120, 180 இலக்கச் சாண்ட் பேப்பர் என்று வரிசையாக, ரேகை ஓடும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு தேய் தேய்த்திருந்தால், ஸ்டெயின் பட்டதும் அந்தக் கீறல் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். பட்டி வைத்த இடமும் தேமல்போலத் தனியாய் நிற்கும். தேக்குக்கும் மகோகனிக்கும் ஸ்டெயின் பொருந்தும். பெட்டி உடைத்தெடுத்த பைன் பலகை திட்டுத்திட்டாய்க் குடிக்கும்.

உரிக்கும்போதும் தேய்க்கும்போதும் கவனம். இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். அதற்கு முந்திய எனமலை உலர்வாய்த் தேய்த்துப் பிள்ளைகள் நடமாடும் விறாந்தையில் தூசி பறக்கவிடக்கூடாது. பழைய பெயின்டை இளக்கும் ஸ்ட்ரிப்பரைப் பூசி வழித்தெடுங்கள். முதிரைத் தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பெடுக்கும். நான் அரைக்கைச் சட்டையோடு நின்று இரண்டு நாள் சொறிந்தேன்.

ஸ்டெயினுக்கு மேல் தெளிவான பூச்சு ஒன்று கட்டாயம். அப்படியொரு பூச்சான லாக்கரை நான் கார்த்திகையில் அடித்தேன். மறுநாள் மேற்பலகை பால் ஊற்றியதுபோல வெளுத்துக் கிடந்தது. காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்ட வேலை அது. வெயில் நாளில் தின்னரை மெல்லிசாய் விசிறியதும் தெளிந்தது. லாக்கர் வேலையைக் கச்சான் வீசும் மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காற்றில் எதுவும் காயும்.

பச்சையே திரும்ப அடிக்கலாமா என்று ஒரு கட்டத்தில் சலித்துப்போய்க் காத்தான்குடி ஓடாவி ஒருவரிடம் கேட்டேன். "தம்பி, முதிரைக்குப் பெயின்ட் அடிக்கிறதெண்டா தகர அலுமாரியே வாங்கியிருக்கலாமே" என்றார். ஸ்டெயினையும் வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரி. இறுகிய மரம் நிறத்தை அதிகம் குடிக்காது, முதிரைக்கு அதன் மஞ்சளே போதும்.

கடைசியில் மேற்பலகைக்கும் லாச்சி முகங்களுக்கும் தெளிவான பூச்சு மட்டும். இடப்பக்கத்தில் யாரோ முன்பு பிளைவுட் வைத்து ஒட்டியிருந்தார்கள். அதை எந்த ஸ்டெயினாலும் முதிரையாக்க முடியாது. ஆகவே இரு பக்கத்துக்கும் கடும்பச்சை எனமல். பழைய இரும்புப் பிடிகளைக் கழற்றிவிட்டேன். கல்லடிக் கடற்காற்றில் துரு வடிந்து மரத்தைக் கறையாக்கியிருந்தன. இப்போது பித்தளை.