ஆறு வருடம், இரண்டு கூடாரம்: தெலுக் பாத்தேக்கிலும் தெலுக் செனாங்கினிலும்

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஆயர் தாவாரிலிருந்து கடல் முக்கால் மணி நேரம்தான். சித்தியவானைத் தாண்டி லுமுட், அங்கிருந்து ஏழு கிலோமீட்டரில் தெலுக் பாத்தேக். அங்கே போகாமல் பந்தாய் ரெமிஸ் சாலையைப் பிடித்தால் செகாரி பக்கம் தெலுக் செனாங்கின். ‘தெலுக்’ என்றாலே குடாதான். முதுகுக்குப் பின்னால் காட்டு மேடு, முன்னால் கடல். 2019 கடைசியிலிருந்து இந்த இரண்டு இடத்திலும் மாறி மாறிக் கூடாரம் போட்டு வருகிறேன். கணக்குப் பார்த்தால் நாற்பது இரவாவது தேறும்.

முதல் கூடாரத்தை நூற்று எண்பது வெள்ளிக்கு வாங்கி வந்த அன்று அப்பா சிரித்தார். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். “லயத்துல ஒழுகினது பத்தாதா? காசு குடுத்து வேற ஒழுகணுமா?” என்றார். கூடாரம் கெட்டுத்தான் போனது. ஆனால் அதைக் கெடுத்தது மழை இல்லை.

பையில் ‘நான்கு பேருக்கு’ என்று போட்டிருந்தது. அதை நம்பாதீர்கள். பெரியவர் இருவர், சின்னப் பிள்ளை ஒன்று, அதோடு சரி. 1,500 மில்லிமீட்டர் என்றும் எழுதியிருந்தது. அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் துணி தாங்கும் என்று அர்த்தம். கூரைக்கு அது போதும், ஈரத்தரையில் முழங்காலை ஊன்றும் இடத்துக்குப் போதாது. அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் இடியோடு கொட்டும் மழையைக்கூட அந்த மலிவுத் துணி தாங்கியது. தண்ணீர் வந்ததெல்லாம் தையல் வழியாகத்தான்.

2020 சீனப் பெருநாள் விடுமுறையில் போய் வந்து, அரைகுறையாகக் காயவைத்து, பையில் திணித்து அலமாரிக்கு மேல் வைத்தேன். மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அப்புறம் கூடாரத்தைப் பற்றி யார் நினைத்தார்கள்? மாநிலம் தாண்டத் தடை நீங்கிய 2021 அக்டோபரில்தான் பையைத் திறந்தேன். துணி துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் பலாப்பழப் பிசின் மாதிரி கையில் வந்தது. நாற்றம் வாசல்வரை போனது. வெளியே உட்கார்ந்திருந்த அப்பா எட்டிப் பார்த்து, “என்னடா, வீட்டுக்குள்ள கட்டிப்பால் வச்சிருக்கியா?” என்றார். பால்மரக் காட்டில் கோப்பையில் உறைந்து புளித்துக் கிடக்கும் பாலின் அதே வாடை.

காரணம் பிறகு புரிந்தது. துணியின் உள்பக்கத்தில் தண்ணீர் இறங்காமலிருக்கப் பாலியூரிதேன் பூச்சு பூசியிருப்பார்கள். சூடும் ஈரமும் சேர்ந்து வருடக்கணக்கில் அதைச் சிதைத்துவிடும். துத்தநாகக் கூரைக்குக் கீழே, அலமாரி மேலே, ஈரத்தோடு ஒன்றே முக்கால் வருடம் வைத்தால் வேறென்ன ஆகும்? சவர்க்காரம் போட்டு அலசினேன், வெயிலில் போட்டேன், குட்டிக்கூராப் பவுடரைக்கூடத் தூவிப் பார்த்தேன். சிதைந்த பூச்சு திரும்பாது. சிலிக்கோன் பூச்சுக்கு இந்த வியாதி இல்லை, விலைதான் எட்டவில்லை.

அதனால் 2022-ல் வாங்கிய இரண்டாவது கூடாரத்தை அதன் பையில் வைப்பதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஜிப், முளை, கம்பி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், உப்பு விட்டுவைக்காது. பிறகு போர்டிக்கோ நிழலில் இரண்டு நாள் தொங்கவிட்டு, பழைய கைலி ஒன்றில் தளர்வாகச் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். வெயிலில் காயப்போட்டால் சீக்கிரம் காயும், துணியும் சீக்கிரம் போகும். இது நாலாவது வருடம், பிசுபிசுப்பு இன்னும் வரவில்லை.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், விடியும் முன் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் புயற்காற்றுக்கு ‘சுமாத்ரா’ என்றே பெயர். இரண்டு வருடத்துக்கு முன்பு செனாங்கினில் அதிகாலை நாலரை மணிக்கு அதைச் சந்தித்தேன். அதற்கு முன் ஓர் இலை அசையவில்லை. திடீரென்று கடல் பக்கம் கறுப்பாக ஒரு கோடு, பிறகு லாரி வருவது போல ஓசை. மணலில் அடித்திருந்த இரும்பு முளை ஆறும் வெண்ணெயிலிருந்து கத்தியை உருவுவது போல வந்துவிட்டன. நானும் மனைவியும் ஆளுக்கொரு மூலையில் படுத்துக் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்தில் காற்று அடங்கியது. ஒரு கண்ணாடியிழைக் கம்பி நீளவாக்கில் பிளந்து, தொட்ட விரலெல்லாம் சிலாம்பு.

இதற்கு வழி சொன்னவரும் அப்பாதான். செம்பனைக்குப் போடும் உரச்சாக்கைப் பாதியாக வெட்டி, மணலை நிரப்பி, வாயைக் கயிற்றால் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிட வேண்டும். கூடாரக் கயிற்றை அதில் கட்டினால் ஆள் நின்று இழுத்தாலும் வராது. கடையில் ‘மணல் முளை’ என்று விற்கும் பிளாஸ்திக் சாமானை வாங்கிப் பார்த்தேன், ஒரே இரவில் வளைந்துவிட்டது. உரச்சாக்கு சும்மா கிடைக்கிறது. திரும்பும்போது தோண்டி எடுத்து வந்துவிடுங்கள்.

எங்கே போடுவது? மணலில் குச்சியும் சருகும் கோடு கட்டிக் கிடக்கும், போன பெருக்கில் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி என்றால் அதையும் தாண்டும். ஒரு பௌர்ணமியில் செருப்பு இரண்டும் மிதந்து போன பிறகு நான் மரத்தடிக்கு மாறிவிட்டேன். மரத்தடி என்றால் அண்ணாந்து பார்க்காமல் போடாதீர்கள், காய்ந்த கிளை இருந்தால் வேறு மரம். இரண்டு பக்கக் கதவையும் இழுத்து மூடினால் மூச்சுக்காற்றே உள்ளே வியர்த்துச் சொட்டும். அதைப் பார்த்து ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

காட்டை ஒட்டிப் போட்டால் குரங்கு. கூடாரத்துக்குள் ரொட்டியை விட்டுவிட்டுக் குளிக்கப் போனோம். ஜிப்பைத் திறக்க அதற்குத் தெரியாதே, வலையைக் கிழித்துவிட்டது. இப்போது சாப்பாட்டுச் சாமான் எல்லாம் காருக்குள்தான் இருக்கும். கெம்போங் மீன் சுட்ட அடுப்புக் கம்பியும்கூட.

குரங்கையாவது விரட்டலாம், அகாஸ் என்கிற கடிக்கும் பொடிப்பூச்சியை என்ன செய்வது? மணலும் சேறும் கலந்த கரையில், காற்று நின்ற சாயங்காலமும் விடியற்காலையும் வரும். கண்ணுக்கே தெரியாது. சாதாரணக் கொசுவலைக் கண் வழியாகத் தாராளமாக நுழைந்துவிடும். ஊசிமுனைக் கண் உள்ள நெருக்கமான வலை வேண்டும், என் இரண்டாவது கூடாரத்தில் அது இருக்கிறது. கூடுதலாகக் கொடுத்த காசில் இதற்குக் கொடுத்ததுதான் உருப்படி. காற்று கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கடித்த இடத்தைச் சொறிந்தால் ஒரு வாரம், சொறியாவிட்டால் ஏழு நாள்.

இரண்டில் எது நல்லது என்று கேட்கிறார்கள். பிள்ளைகளோடு முதன்முறை போகிறவர்களுக்குத் தெலுக் பாத்தேக், பக்கத்திலேயே கடைகள் இருக்கின்றன. ஆனால் சனிக்கிழமை இரவு யாராவது ஒலிபெருக்கி கொண்டு வந்துவிடுவார்கள், தூக்கம் போச்சு. எனக்குச் செனாங்கின்தான். தூண்டில் போடுகிறவர்கள் தவிர ஆள் குறைவு. செகாரியில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது, அந்தப் பக்கக் கரையில் பச்சை ஆமை முட்டையிட ஏறும். இரவில் கடலைப் பார்த்துப் பெரிய விளக்கைப் பிடிக்காதீர்கள், ஆமை கரையேறாமல் திரும்பிவிடும். பின்னாலிருக்கும் வனக்காப்புக் காட்டுக்குள் தங்க நினைத்தால் வனத் துறையின் அனுமதி வேண்டும். நான் கரையோடு நின்றுவிடுகிறேன்.

புதியதன் ஜிப் ஒன்று போன மாதம் பல் விட ஆரம்பித்துவிட்டது. மெழுகுத்திரி தேய்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பழையதன் மேல்துணியை மட்டும் அப்பா தூக்கிப்போட விடவில்லை, தன் மோட்டார்சைக்கிளுக்குப் போர்த்தி வைத்திருக்கிறார். மழை பெய்த மறுநாள் காலையில் இருக்கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார்.