ஆட்சென்ஸ் ஒப்புதல் வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

மாடித் தோட்டம் பற்றி நான் நடத்திவந்த இணையதளம் இப்போது என் கையில் இல்லை. 25,000 ரூபாயும் ஓராண்டு உழைப்பும் போய்விட்டன. முதல் தளம் தொடங்கி, கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் மூலம் வருமானம் பார்க்க நினைப்பவர்கள், அதிலும் தொழில்நுட்பம் தெரியாததால் இன்னொருவரை நம்பி இறங்குபவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஆடிப் பட்டத்துக்கு விதைக்கும்போதே எழுதவும் தொடங்கிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். தெரிந்தவர் மூலம் அறிமுகமான இளைஞர் ஒருவர், “அக்கா, தளம், ஆட்சென்ஸ் ஒப்புதல், அறுபது கட்டுரைகள் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். நீங்கள் செடியைப் பாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

ஆட்சென்ஸுக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. 18 வயது நிறைந்தவர் யாரானாலும், சொந்தத் தளத்தில் சொந்தமாக எழுதியவை இருந்தால் தாமே விண்ணப்பிக்கலாம். தமிழ்த் தளங்களுக்கு 2018 முதல் இந்த வசதி இருக்கிறது. தளத்தைப் பார்த்து ஏற்பதும் மறுப்பதும் கூகுளின் முடிவு. நடுவில் நிற்கும் எவராலும் அதற்கு உறுதி தர முடியாது. எனக்கு ஒப்புதல் கிடைத்தது நான் எழுதிய 31 கட்டுரைகளால்தான் என்று இன்றும் நம்புகிறேன். அவருடைய அறுபதும் அதற்குப் பிறகுதான் ஏறின.

அவற்றில் ஒன்றைப் படித்த நாளை மறக்க முடியாது. “உங்கள் ஆலைக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுங்கள்” என்று தொடங்கியது. ஆங்கிலப் பக்கங்களை மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு எடுத்து அப்படியே ஏற்றியிருக்கிறார். செடி ஆலையாகிவிட்டது, பாத்தி படுக்கையாகிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு நான் எப்போதும் சொல்லும் அளவு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. அங்கே 50 மில்லி என்று இருந்தது. அப்படித் தெளித்தால் இலை கருகிப்போகும். கட்டுரையின் கீழே என் பெயர். எனக்குக் கொடுத்திருந்ததோ புதிதாக எழுதிச் சேர்க்கும் அனுமதி மட்டும். மற்றவற்றைத் திருத்த முடியாது. திருத்தச் சொல்லி மூன்று முறை கேட்டேன், செய்யவில்லை. அன்றே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் கூகுளிலிருந்து முகவரியை உறுதிசெய்ய ஆறு இலக்க எண் ஒன்றைத் தபாலில் அனுப்புவார்கள். அந்தச் சிறிய உறை வந்த அன்று வீட்டில் கேசரி கிளறினேன். ஆனால் பணம் கைக்கு வர 100 டாலர் சேர வேண்டும். நாளொன்றுக்கு 150 பேர் படிக்கும் தளத்தில் அது மெதுவாகத்தான் நகரும். அப்போதுதான், “இன்னும் 3,000 கொடுங்கள் அக்கா, ஆட்களை வரவைக்கிறேன்” என்றார். முகநூலில் விளம்பரம் செய்வார் என்று எண்ணிக் கொடுத்தேன். எங்கிருந்து வரவைப்பார் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரமே 150 பேர் 4,000 பேரானார்கள். எல்லோரும் நள்ளிரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் வந்தார்கள். ஒரு பக்கத்தில் சில விநாடிகள் நின்று, விளம்பரத்தை அழுத்திவிட்டுப் போனார்கள். அவர்கள் வாசகர்களே அல்லர், காசுக்கு வாங்கிய பொய் வருகை. 41 டாலராக இருந்த தொகை இரண்டு வாரத்தில் 137 ஆனது.

மாதத்தின் 21 முதல் 26ஆம் தேதிக்குள் பணம் அனுப்புவார்கள். எனக்கு 19ஆம் தேதி காலையில் மின்னஞ்சல் வந்தது: செல்லாத கிளிக்குகள் காரணமாகக் கணக்கு மூடப்படுகிறது. அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அந்த 137 டாலரில் பெரும்பகுதி, எங்கோ ஒரு சிறு வியாபாரி மெய்யான வாடிக்கையாளர் வருவார் என்று நம்பிக் கட்டிய பணம். மேல்முறையீடு செய்தேன், மறுத்துவிட்டார்கள். இப்படி மூடப்பட்டவர் மறுபடியும் ஆட்சென்ஸில் சேர விதி இடம் தராது. போன பணத்தைவிட இதுதான் பெரிய இழப்பு.

சரி, தளமாவது மிஞ்சட்டும் என்று கேட்டபோதுதான் தளத்தின் இணைய முகவரியான டொமைன் பெயரே அவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருப்பது தெரிந்தது. யார் பெயரில் பதிவோ, அவரே அதற்கு உரியவர். டொமைன் பதிவு செய்யும் வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான குறியீடும் அவருக்குத்தான் கிடைக்கும். அதைத் தர 10,000 ரூபாய் கேட்கிறார்.

டொமைனை உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைபேசி எண், உங்கள் வங்கி அட்டை கொண்டு நீங்களே வாங்குங்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. தளத்தின் கோப்புகளை வைக்கும் இடமான ஹோஸ்டிங்கையும் அப்படியே நீங்களே வாங்குங்கள். அதன் பிறகு தளத்தை வடிவமைக்க யாரை வேண்டுமானாலும் அழையுங்கள். அவருக்குத் தனிக் கடவுச்சொல் கொடுங்கள், வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உரையாடல்களையும் ரசீதுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். இணையவழிப் பண மோசடிக்கு 1930, சேவைக் குறைபாட்டுக்கு 1915 ஆகிய எண்களில் புகார் செய்யலாம்.

1915இல் நானும் பதிவுசெய்திருக்கிறேன். அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. தளம் வேறு யாரோ ஒருவரின் விளம்பரங்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டுரையும் என் பெயரோடு அங்கேயே இருக்கிறது. யாராவது அதைப் படித்திருந்தால், வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் போகாதீர்கள்.