பாதியில் விடாமல் முடித்த ஒன்லைன் பயிற்சி

கிளிநொச்சியில் தையல் பழக்குகிறேன். வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினால், மூன்றாம் நாளோடு பிள்ளைகளின் பதில் நின்றுவிடும். அதனால்தான் ஒன்லைன் பாடம் வடிவமைக்கும் இந்த 6 வாரப் பயிற்சியில் சேர்ந்தேன்.

கற்பவரின் ஆர்வம் குறையாமல் வைத்திருக்க, அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோன் கெல்லர் 1980களில் விரித்துரைத்த முறைதான் இதற்கு அடிப்படை: கவனம், பொருத்தம், தன்னம்பிக்கை, மனநிறைவு. எனக்குக் கண் திறந்தது பொருத்தத்தில்தான். ‘உங்கள் மாணவி இதை நாளைக்கு எங்கே பயன்படுத்துவாள்?’ என்று கேட்டார்கள். அன்றிரவே ‘மெஷினின் பாகங்கள்’ என்ற என் 20 நிமிட வீடியோவை நீக்கிவிட்டு, பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைப்பதை 3 நிமிடத்தில் எடுத்துப் போட்டேன். விடிவதற்குள் 11 பேர் தைத்துப் படம் அனுப்பியிருந்தார்கள். ஒருத்தி வெள்ளைச் சட்டையில் கறுப்பு நூலால் தைத்திருந்தாள். வீட்டில் அதுதான் இருந்ததாம். முடிச்சு நல்ல இறுக்கம். அதைத்தான் முதலில் அவளுக்கு எழுதினேன். பிழையைத் தேடுமுன் சரியைச் சொல்லவும் இங்கேதான் பழகினேன்.

குறையும் உண்டு. வீடியோக்கள் பெரியவை, மழை நாளில் இறங்கவே இறங்காது. ஒலிப்பதிவாகவும் தந்திருக்கலாம். கேள்விக்குப் பதில் வர 4 நாள் ஆனது. அப்படியிருந்தும் முன்பள்ளி ஆசிரியையான என் தங்கச்சியை அடுத்த பிரிவில் சேர்த்துவிட்டேன்.