வீட்டில் கட்டிய மிரர் டிங்கி: 45.5 கிலோவைக் காப்பாற்றும் வழி

மிரர் டிங்கி என்ற சிறு பாய்ப்படகின் வெற்று உடலுக்குப் போட்டி விதி வைத்திருக்கும் குறைந்தபட்ச எடை 45.5 கிலோ. கட்டி முடித்த அன்று அந்த எடையில் இருந்த படகை ஏழெட்டுப் பருவம் கழித்துத் தராசில் தூக்கிப் பார்த்தால் ஐந்தாறு கிலோ ஏறியிருப்பது சாதாரணம். ஏறியது ப்ளைவுட் குடித்த தண்ணீர். கட்டும்போது விட்ட பிழை, காரில் ஏற்றி இறக்கும்போது பட்ட காயம், போட்டியில் பின்தங்குவது எல்லாமே அந்த ஐந்து கிலோவில்தான் போய் முடிகின்றன. அதனால் இந்தப் பகிர்வும் எடையைச் சுற்றியே போகும்.

படகைத் தெரியாதவர்களுக்கு: 1962இல் பிரிட்டனில் ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் இருவரும் சேர்ந்து வடிவமைத்தது. டெய்லி மிரர் பத்திரிகை முன்னின்று பரப்பியதால் அந்தப் பெயர். பாய்களுக்குச் சிவப்பு நிறம் வந்ததும் அந்த வழியில்தான். முதலில் விற்ற உதிரித் தொகுப்பின் விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். இதுவரை 70,000க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.39 மீட்டர், பெரிய பாயும் ஜிப் என்ற முன்பாயும் சேர்ந்து சுமார் 6.5 சதுர மீட்டர். அணியம் (படகின் முன்முனை) கூராக இருக்காது, குறுக்கே வெட்டிய சதுரப் பலகைதான். அதனால்தான் இவ்வளவு குட்டையான படகில் இரண்டு பேர் தாராளமாக உட்கார முடிகிறது.

கட்டும் முறை தைத்து ஒட்டுவது. 5 மி.மீ. மரைன் ப்ளைவுட்டில் அடிப்பலகை இரண்டு, பக்கப்பலகை இரண்டு வெட்டி, ஓரத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே துளை போட்டு, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே தடித்த செப்புக் கம்பியால் தைக்க வேண்டும். துளைக்குத் துளை 10 செ.மீ. போதும்; அணியத்துக்குப் பக்கத்தில் பலகை முறுகி வளைகிற இடத்தில் 5 செ.மீ. வையுங்கள். முறுக்கும் முனை வெளிப்பக்கம் இருக்கட்டும். நம் சோழமண்டலக் கரையில் ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகு ஓடியது நினைவுக்கு வரும். அதில் தையல்தான் கடைசிவரை படகைத் தாங்கியது, அலையடிக்கு வளைந்தும் கொடுத்தது. மிரரில் தையலுக்கு வேலை, மூட்டுகளை ஒட்டும் எபாக்சிப் பிசின் இறுகும்வரை மட்டுமே.

தைத்து முடித்ததும் ஒட்டப் போய்விடாதீர்கள். நேரான சட்டங்கள் இரண்டை எடுத்து, ஒன்றை அணியத்துக்கு அருகிலும் மற்றதை அமரத்துக்கு (பின்முனைக்கு) அருகிலும் படகின் குறுக்கே வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றால் உடல் நேராக இருக்கிறது. ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் முறுகியிருக்கிறது. உயர்ந்த மூலையில் செங்கல் ஏற்றினாலோ, எதிர்ப்பக்கக் கம்பியைத் தளர்த்தினாலோ இப்போது சரியாகிவிடும். எபாக்சி இறுகிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. முறுகிய மிரர், காற்று ஒரு பக்கத்திலிருந்து அடிக்கும்போது நன்றாக ஏறும், மறு பக்கத்திலிருந்து அடிக்கும்போது இழுக்கும்.

மூட்டின் உள்பக்கம் பூசும் எபாக்சிக் கலவை, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டித் துவையல் பதத்தில் இருக்க வேண்டும். இளகலாக இருந்தால் வழிந்து அடியில் தேங்கும். சுமார் 12 மி.மீ. ஆரம் வரும்படி கரண்டியின் முதுகால் இழுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் 50 மி.மீ. பைபர் டேப்பை (கண்ணாடியிழை நாடாவை) அதன்மேல் படிய வைத்து, டேப் கண்ணாடிபோல் தெளியும்வரை மட்டும் பிசின் ஊட்டுங்கள். அதற்கு மேல் ஊற்றும் பிசின் எதற்கும் பலம் தராது, எடைதான் ஏறும். நிறையக் கலவையை ஒரே குவளையில் கலக்கவும் கூடாது. தானாகவே சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். இறுகியபின் மேலே மெழுகு போல ஒரு பிசுபிசுப்பு படியும். அதைத் தண்ணீரும் தேய்ப்பானும் வைத்துக் கழுவாமல் பெயின்ட் அடித்தால் அடுத்த வருஷமே செதில் செதிலாக உரியும்.

பழைய மிரர்களில் எபாக்சிக்குப் பதில் பாலியெஸ்டர் பிசின் போட்டிருப்பார்கள். அது மரத்தைச் சரியாகப் பற்றாது. டேப்பின் ஓரத்தில் கத்தி முனையைக் கொடுத்தால் பட்டை போலக் கிளம்பி வந்துவிடும். அப்படி வந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. சூட்டுக்காற்றுக் கருவியால் முழுதையும் உரித்து, மரத்தை நன்றாகக் காயவிட்டு, எபாக்சியில் புதிதாக டேப் போடுங்கள். பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி ஒட்டும். எபாக்சி மேல் பாலியெஸ்டரை நம்பாதீர்கள்.

அதிகம் கோட்டை விடுவது, கவிழ்ந்தாலும் படகை மிதக்க வைக்கும் காற்று அறைகளான மிதவை அறைகளில். அணியத்தில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, அமரத்தில் ஒன்று என நான்கு. மேல்தளம் ஒட்டி மூடிய பிறகு உள்ளே தூரிகை போகாது. மூடுவதற்கு முன் உள்பக்கம் முழுக்க மூன்று பூச்சு எபாக்சி அடிக்க வேண்டும். மேல்தளப் பலகையின் அடிப்பக்கத்தையும், வெட்டு விளிம்புகளையும் மறந்தவர்கள் நிறைய பேர். ப்ளைவுட் முகம் வழியாகக் குடிப்பதை விட விளிம்பு வழியாகக் குடிப்பது பல மடங்கு. திருகாணித் துளையும் ஒரு விளிம்புதான். கிளீட் (கயிறு பிடிப்பான்), பாய்மரத்தைத் தாங்கும் கம்பி மாட்டும் ஷ்ரவுட் தகடு, வெளியே சாயும்போது காலை மாட்டும் கால் பட்டை இவற்றுக்குத் துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, எபாக்சிக் கலவையால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் துளைத்துத் திருகுங்கள். ஈரம் ஏறிய துளையைக் கண்டுபிடிப்பது சுலபம். வார்னிஷுக்கு அடியில் திருகாணித் தலையைச் சுற்றி நாணயம் அளவுக்குக் கறுப்பு வளையம் தெரியும். கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் நகத்தின் தடம் அப்படியே பதிந்து நிற்கும். அந்த இடம் போய்விட்டது என்று அர்த்தம்.

அறை ஒழுகுகிறதா என்று பார்க்க, வடிகால் துளையில் குழாய் செருகி வாயால் மெல்ல ஊதிக்கொண்டே மூட்டுகளில் சோப்பு நுரை தடவினால் போதும். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. சைக்கிள் பம்பு வைத்து அடித்தால் நல்ல மூட்டும் பிளந்துவிடும். வழக்கமாக ஒழுகும் இடங்கள் இரண்டு: அணியப் பலகையும் அடிப்பலகையும் சேரும் கோடு, டேகர்போர்டு (படகு பக்கவாட்டில் நழுவாமல் அடியில் செருகும் பலகை) நிற்கும் பெட்டியின் அடிமுனை. இரண்டாவது, ஓடும்போது பலகை தரைதட்டி, பெட்டியின் பின்சுவரை இடித்துப் பிளப்பதால் வருவது.

காரில் ஏற்றுவதற்கு மிரரைப் போல வசதியான இருவர் படகு அபூர்வம். குட்டை மரத்தின் மேல் இன்னொரு கழியை ஏற்றி உயரம் கூட்டும் கண்டர் முறைப் பாய்மரம் என்பதால் மாஸ்ட் (பாய்மரம்), அதன்மேல் ஏறும் கழியான கேஃப், பாயின் அடியில் வரும் கழியான பூம் எல்லாமே படகின் நீளத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் காரின் கூரைக்கு எவ்வளவு எடை தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். பல சிறிய கார்களுக்கு 50 கிலோதான், தாங்கு கம்பியின் எடையும் அதற்குள் அடக்கம். தண்ணீர் குடித்த படகை அங்கே ஏற்றவே கூடாது. படகைக் கவிழ்த்துப் போட்டு, குறுக்கே இரண்டு பட்டை, முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறு கட்ட வேண்டும். நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை வேண்டாம். இரண்டு சொடுக்கு கூடினால் மேல்விளிம்புச் சட்டம் நசுங்கும். அழுத்துக் கொக்கிப் பட்டையே போதும். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் ரீங்காரம் வராது.

டிரெய்லரில் கொண்டு போனால் உருளைகள் அடிப்பலகையின் நடுவில் படக்கூடாது. 5 மி.மீ. பலகை அங்கே குழிந்துவிடும். அறைச் சுவருக்கு நேர் கீழே தாங்கல் வையுங்கள். தூரம் ஓடி வந்த டிரெய்லரின் சக்கரத்தை உடனே தண்ணீரில் இறக்குவதும் தவறு. சூடான குடத்துக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும், பேரிங் துருப்பிடிக்கும். படகைக் கைவண்டியில் மாற்றி இறக்குவதே நல்லது.

தண்ணீரில் முதல் தொல்லை கேஃப். பாயை மேலேற்றும் ஹேலியார்ட் கயிறு நீண்டால் கேஃப் மாஸ்டை விட்டு விலகிச் சாயும், பாய் பை போலத் தொங்கும், காற்றுக்கு எதிரே ஏற முடியாது. 4 மி.மீ. டைனீமா (எளிதில் நீளாத செயற்கை இழை) கயிறு போட்டு, கேஃப் மாஸ்டோடு ஒட்டி நிற்கும் நிலையில் கயிற்றில் மையால் குறியிட்டுக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குக் கொண்டுவரலாம். விதி மாறிய பிறகு ஒற்றை அலுமினிய மாஸ்டும் வைக்கலாம் என்றாகிவிட்டது. கட்டுவது சுலபம், ஆனால் நீளம் கூடுவதால் ஏற்றிச் செல்லும் சௌகரியம் போய்விடும். காரில் கொண்டு போகிறவர்கள் கண்டரிலேயே இருப்பது நல்லது.

மெல்லிய காற்றில் இருவரும் முன்னால் நகர்ந்து அமரத்தைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும். பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டால் இன்னும் முன்னால் போங்கள். அலை இருந்தால் பின்னால் வர வேண்டும். இல்லையென்றால் சதுர அணியம் அலையை அறைந்து நிற்கும். பின்காற்றில் டேகர்போர்டைத் தூக்குவது வேகம்தான், ஆனால் முழுக்கத் தூக்கினால் ஜைப் அடிக்கும்போது (பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்றும்போது) பூமை இழுத்துப் பிடிக்கும் கிக்கர் கயிறு பலகையின் தலையில் மாட்டிக்கொள்ளும், அடுத்த நொடி படகு கவிழ்ந்துவிடும். பூம் தடையில்லாமல் கடந்து போகும் உயரத்தைக் கரையிலேயே பார்த்து, பலகையில் கோடு போட்டு வையுங்கள். தண்ணீர் இறைக்கும் வாளியைக் கயிற்றில் கட்டி வைப்பதும் கட்டாயம்.

பிரிட்டன் கிளப்களில் மிரர் பெரும்பாலும் மற்ற வகைகளோடு கலந்தே போட்டியிடும். ஓடிய நேரத்தை 1000ஆல் பெருக்கிப் படகு வகையின் வேகத்துக்கேற்ப வைத்த போர்ட்ஸ்மத் எண்ணால் வகுப்பார்கள்; மெதுவான படகுக்கு எண் பெரிது. மிரருக்கு அது 1390 அளவில், ஒருவர் ஓட்டும் வேகப் படகான லேசருக்கு 1100 அளவில். மிரர் 60 நிமிடத்தில் முடித்தால் கணக்கில் 43 நிமிடம் 10 விநாடி. அதை முந்த லேசர் 47 நிமிடம் 29 விநாடிக்குள் வந்தாக வேண்டும். இந்தக் கணக்கு உங்கள் படகு குடித்த தண்ணீருக்கு ஒரு விநாடியும் கழித்துத் தராது.

பருவம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நான்கு அறைகளின் அடைப்பான்களையும் கழற்றி, பஞ்சு சுற்றிய இரண்டு கட்டைமேல் கவிழ்த்து வையுங்கள். உறையைப் படகோடு ஒட்டி இறுக்காமல் காற்று நுழைய இடைவெளி விடுங்கள். வசந்தத்தில் முதல் போட்டிக்கு முன் தொங்கு தராசில் எடை பார்த்து, அந்த எண்ணைத் தேதியோடு அமர அறையின் மூடிக்கு உள்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். போன வருஷத்தை விட ஒரு கிலோ கூடியிருந்தால், முதலில் திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள்.