எஸ்டீமில் 120 ஹெச்பி வரும் என்று நம்பி 92,000 ரூபாயை இழந்தேன்

பழைய மாருதி எஸ்டீம், ஜென் கார் வைத்திருக்கும் கோவை நண்பர்கள் யாராவது வண்டிக்கு பவர் ஏற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 2004 மாடல் எஸ்டீம். அப்பா வாங்கிய வண்டி. 1,298 சிசி, 16 வால்வ், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ எதுவும் இல்லாத சாதா எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும்) இன்ஜின். புதிதில் 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்றில்) 85 ஹெச்பி, அதாவது 85 குதிரை சக்தி. போன சித்திரையில் அஞ்சு பேராக வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசியிலேயே வண்டி திணறி, ஏசியை அணைத்து ஃபர்ஸ்ட் கியர் போட வேண்டியதாகிவிட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். "அப்பா இருந்தப்ப இப்படி இல்லியே சாமி" என்றார் அம்மா. இன்னும் 31 வளைவு மிச்சம். ஊர் திரும்பியதும் நேராக ட்யூனிங் கடையைத் தேடினேன்.

ஊருக்கு வெளியே உள்ள கடை. பேர் போட மாட்டேன், விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது. சுவர் முழுக்க ரேஸ் கார் படங்கள். ஸ்பீட்வே, அதாவது ரேஸ் டிராக், இருக்கிற ஊர் என்பதால் அந்தப் படங்களுக்கு இங்கே தனி மரியாதை உண்டு, நானும் அதில்தான் விழுந்தேன். "ணா, 120 ஹெச்பி கேரண்டிங்க. டைனோ ஷீட்டோட வண்டிய குடுக்கறேன். 40 வளைவும் தேர்ட் கியர்லயே ஏறும் பாருங்க" என்றார். டைனோ என்பது வண்டியின் பவரை அளக்கிற மெஷின். கூம்பு வடிவ கோன் ஏர் ஃபில்டர் 9,000, ஹெட்டரோடு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் பைப்) ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் 34,000, சிப் 18,000, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, உள்ளே காற்றும் புகையும் போகிற போர்ட்டுகளைத் தேய்த்து வழவழப்பாக்கும் போர்ட்டிங் பாலிஷ் 28,000, டைனோ 3,000. ஜிஎஸ்டி பில் கேட்டேன். "பில் போட்டா 18 பர்சென்ட் ஏறுங்ணா" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து வண்டி வந்தது. சத்தம் காது கிழிந்தது. சத்தம் கேட்டால் வேகம் கூடிய மாதிரியே இருக்கும், முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு உக்கடம் பாலத்தில் செகண்ட் கியரில் இழுக்காமல் நின்றபோதுதான் உறைத்தது. 14 கொடுத்துக்கொண்டிருந்த மைலேஜ் 10-க்கு வந்தது. பொல்யூஷன் சர்டிஃபிகேட் எடுக்கப் போனால் ஃபெயில்.

அன்று ராத்திரி அந்த டைனோ ஷீட்டை எடுத்து உட்கார்ந்தேன். மேலே பெரிய எழுத்தில் 6,000 ஆர்பிஎம்மில் 116 ஹெச்பி. கீழே பொடி எழுத்தில், அதே 6,000-ல் டார்க், அதாவது இன்ஜின் சுழற்றும் விசை, 104 நியூட்டன் மீட்டர். ஹெச்பி என்பது டைனோ தனியாக அளக்கிற சமாச்சாரம் இல்லை, டார்க்கிலிருந்து கணக்குப் போட்டு வருவது. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,121-ஆல் வகுக்க வேண்டும். போட்டுப் பாருங்கள், சுமார் 88தான் வரும். மேலே இருந்த எண்ணை யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள். கீழே இருந்த டார்க்கை மாற்ற மறந்துவிட்டார்கள். அந்த 88-ஆவது நிஜமா என்றால் அதையும் நம்ப முடியாது. பாலத்தில் ஏறாத வண்டி அது.

இதே கணக்கை முன்னாடியே போட்டிருந்தால் கடை வாசலிலேயே திரும்பியிருப்பேன். 6,000-ல் 120 ஹெச்பி வேண்டுமென்றால் டார்க் 142 வர வேண்டும். எஸ்டீமின் உச்ச டார்க்கே 110. டர்போ இல்லாத இன்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வருகிற காற்றை வைத்துத்தான் பிழைக்கிறது. அந்த 1.3 லிட்டருக்குள் அவ்வளவு டார்க்குக்கு வேண்டிய காற்றை வெறும் ஃபில்டரும் பைப்பும் கொண்டுவந்துவிடாது. வால்வைத் திறக்கும் கேம், காற்றை அழுத்தும் கம்ப்ரஷன், ஆர்பிஎம் எல்லாம் மாறி ரேஸ் இன்ஜினாக வேண்டும். அப்படிப்பட்ட இன்ஜின் மேட்டுப்பாளையம் ரோடு டிராஃபிக்கில் நிம்மதியாக ஓடாது.

சிங்காநல்லூரில் அறுபது வயசு மெக்கானிக் அண்ணா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். ஒன்றும் பேசாமல் பானெட்டைத் திறந்து, ஹெட்டும் பிளாக்கும் சேருகிற இடத்தில் டார்ச் அடித்தார். பழைய ஆயில் கசிவின் மேல் படிந்த மண், கெட்டியாக, ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. "இந்த ஹெட்ட யாரும் கழட்டவே இல்ல தம்பி." 28,000 ரூபாய் அங்கேயே போயிற்று.

அடுத்து அந்த சிப். ஏர் டெம்பரேச்சர் சென்சார் ஒயரில் தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி ஒன்றைச் சொருகியிருந்தார்கள். பிளேடால் பிளந்தோம். உள்ளே பிசின் ஊற்றி, நடுவில் ஒரே ஒரு ரெசிஸ்டர். கடையில் ரெண்டு ரூபாய்க்குக் கிடைக்கும். அது செய்வது இவ்வளவுதான்: உள்ளே வரும் காற்று ஜில்லென்று இருப்பதாக வண்டியின் கம்ப்யூட்டரை நம்ப வைக்கும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி அடிக்கும். புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சரியாக இருந்தால், அதைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்திருக்கும். சைலன்சர் மாற்றியபோது அந்த ஆக்சிஜன் சென்சார் ஒயரையும் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.

நிஜத்தில் காற்று ஜில்லென்றும் இல்லை. கம்பெனி ஃபில்டர் பெட்டி வெளிக்காற்றை இழுக்கும். கோன் ஃபில்டர் இன்ஜின் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. அண்ணா தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார், வெளியே 36, பானெட்டுக்குள் 66. மூன்று டிகிரி சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். காசு கொடுத்துப் பத்தில் ஒரு பங்கு காற்றைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். அகலமான பைப் போட்டதில் கீழ் ஆர்பிஎம் இழுவையும் போனது.

என்னை ரொம்ப நோகடித்தது வேறு. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டார்கள், எனக்குச் சொல்லவே இல்லை. அதற்குள் பிளாட்டினம், பலேடியம் எல்லாம் இருக்கிறது, பழசுக்கே நல்ல விலை. திருப்பிக் கேட்டால் "ஸ்கிராப்ல போட்ருச்சுங்ணா" என்கிறார். இன்னொன்று, கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மீறி வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தப்பு. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிடித்தால் மாட்டுவது வண்டிக்காரர்தான்.

வண்டிக்கு உண்மையில் என்ன நோய் என்று அந்தக் கடையில் யாருமே பார்க்கவில்லை. அண்ணா பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தார். நாலு சிலிண்டரில் மூன்றில் 170-ஐ ஒட்டி வந்தது. மூன்றாவது சிலிண்டரில் 115. ஹெட்டை இறக்கியபோது எக்ஸாஸ்ட் வால்வ் எரிந்து, சீட்டில் உட்காராமல் கசிந்துகொண்டிருந்தது. போர்ட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், வார்ப்பின் சொரசொரப்பும் அதன் மேல் கரியும் அப்படியே இருந்தன. வால்வ் மாற்றி கிரைண்டிங், ஹெட் கேஸ்கெட், டைமிங் பெல்ட், கிளட்ச் பிளேட், பழைய ஃபில்டர் பெட்டி, உள்ளே கன்வர்ட்டரோடு கம்பெனி சைலன்சர், எல்லாம் சேர்த்து 46,000. பில்லோடு. 85-ல் தொலைந்த குதிரைகள்தான் திரும்பி வந்தன, வேறொன்றும் கூடவில்லை. போன மாதம் அதே அஞ்சு பேரோடு, ஏசி போட்டு, வால்பாறை ஏறினேன்.

ஆக, கொடுப்பதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். வேலைக்கு முன்பு ஒரு டைனோ ரன், பின்பு ஒரு ரன், ரெண்டையும் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றிய பழைய சாமான் அத்தனையும் சாக்கில் போட்டு டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். பில் கட்டாயம்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, ரெண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததால் ஜிபே ஸ்கிரீன்ஷாட், துண்டுச் சீட்டு, ஹெட் இறக்குவதற்கு முன் எடுத்த போட்டோ, பிளந்த பெட்டி, அந்த டைனோ ஷீட், இவ்வளவும் வைத்திருக்கிறேன். இதே மாதிரி கறுப்புப் பெட்டி உங்கள் வண்டியிலும் இருந்தால், பிளப்பதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். ரெண்டாவது மனு வந்தால் முதலாவதுக்கும் பலம்.