பத்து டாலர் ஓபிடி அடாப்டர் பழைய எஃப்-150-க்குப் போதுமா?

சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் அதிர்கிறது, ஆர்பிஎம் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது, செக் இன்ஜின் விளக்கோடு பி0171, பி0174 என்ற கோளாறு கோட்கள் இரண்டும் ஜோடியாக வருகின்றன. 1997 முதல் 2003 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில், 4.6, 5.4 லிட்டர் வி8 இரண்டிலுமே, இது ஊரறிந்த வியாதி. இரண்டு பேங்க்கிலும் (வி8-இன் இரு பக்கச் சிலிண்டர் வரிசைகளிலும்) மிக்சர் லீன், அதாவது காற்று கூடுதல் அல்லது பெட்ரோல் குறைவு என்பதோடு கோட் நின்றுவிடும். அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சரை மாற்றுவது காசைத் தண்ணீரில் கரைப்பது; இரு பக்கச் சென்சரும் ஒரே நாளில் பொய் சொல்வது அரிது. காரணத்தைப் பிரித்தறிய ஃப்யூல் ட்ரிம் எண்கள் வேண்டும், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்ற எண்கள். அவற்றைக் கைபேசியில் காட்டுவதுதான், வண்டியின் ஓபிடி சோதனைச் சாக்கெட்டில் செருகும் இந்த இஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டரின் வேலை.

வாங்கும் இடத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. இந்த பிக்கப் பேசுவது ஜே1850 பிடபிள்யூஎம் என்ற பழைய ஃபோர்டு மொழி. சாக்கெட்டின் 2, 10-ஆம் பின்களில் ஓடுகிறது. புதிய வண்டிகளின் கேன் மொழிக்கு 6, 14. மலிவு நகல்கள் பலவற்றில் 2, 10 பின்கள் இருக்கும், ஆனால் உள்ளே அதற்கான சர்க்யூட் இருக்காது. பெட்டியில் '2.1' என்று அச்சிட்டவை இதில் பேர்போனவை. புது கார்காரர் கொடுத்த ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து வாங்கினால், ப்ளூடூத் இணையும், 'இசியூ-வோடு (இன்ஜின் கம்ப்யூட்டரோடு) தொடர்பில்லை' என்றே நிற்கும். விளக்கத்தில் 'ஜே1850 பிடபிள்யூஎம்' என்று வெளிப்படையாக எழுதியதையே எடுங்கள். திருப்பிக் கொடுக்கும் வசதியும் இருக்கட்டும். ஐபோன் என்றால் மலிவுச் சாதாரண ப்ளூடூத் வகை பேசாது; வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ வகையை எடுங்கள்.

இணைந்துவிட்டால், வேகத்தில் ஏமாறாதீர்கள். இந்த மொழி நொடிக்கு 41.6 கிலோபிட்; ஒவ்வொரு அளவையும் ஆப் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறது. திரையில் இருபது மீட்டர் போட்டால் எல்லாமே பிந்தும். இரு பேங்க்கின் ஷார்ட் ட்ரிம் (அந்தக் கணத் திருத்தம்), லாங் ட்ரிம் (கற்றுவைத்த திருத்தம்), ஆர்பிஎம், மாஃப் (உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சர்), கூலன்ட் வெப்பம் என ஏழு போதும்.

சோதனை எளிது. கூலன்ட் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டட்டும். ஏசி அணைத்து, பார்க்கில் இரண்டு நிமிடம் ஐட்லிங். ஷார்ட், லாங் இரண்டையும் கூட்டிக் குறியுங்கள். பிறகு 2500 ஆர்பிஎம்-இல் ஒரு நிமிடம் பிடித்து மறுபடி குறியுங்கள். கூட்டுத்தொகை கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐட்லிங்கில் +20, 2500-இல் +6 என்று இறங்கினால் வேக்யூம் லீக். கணக்கு இதுதான்: ஐட்லிங்கில் மாஃப் நொடிக்கு 5 கிராம் காற்றை அளக்கிறது, ஓட்டை வழியே அளக்கப்படாத 1 கிராம் நுழைந்தால் பிழை 20 சதவீதம், 2500-இல் 15 கிராம் ஓடும்போது அதே 1 கிராம் வெறும் 7 சதவீதம். எண் தலைகீழாக, ஐட்லிங்கில் நன்றாக இருந்து மேட்டில் ஏறும்போது +15, +20 என்று போனால், பெட்ரோல் அழுத்தக் குறைவு, அடைபட்ட பெட்ரோல் ஃபில்டர் அல்லது அழுக்கேறிய மாஃப். மாஃபுக்கென்றே விற்கும் ஸ்ப்ரே அடித்து, கம்பியைத் தொடாமல் காயவிட்டுப் பாருங்கள். அதுதான் செலவு குறைந்த முதல் படி.

லீக் எங்கே என்று அடாப்டர் சொல்லாது. இந்த இன்ஜின்களில் முதலில் கைவைக்க வேண்டியது த்ராட்டில் பாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிசிவி ரப்பர் முழங்கை, அதாவது இன்ஜினின் ஆயில் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் வளைந்த குழாய். ஆயில் ஆவியில் ஊறி மெத்தென்றாகி, அடிப்பக்கம் கிழிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் நல்லதாகவே தெரியும், அதனால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரலால் நசுக்கிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால், பற்றவைக்காத புரொப்பேன் குழாயை ஹோஸ்கள், இன்டேக் கேஸ்கெட் ஓரம் என்று மெல்ல நகர்த்துங்கள். ஓட்டைக்கு நேரே வந்ததும் ஷார்ட் ட்ரிம் சரிந்து கழித்தலுக்குப் போகும். காட்டுவதற்கு ஓரிரு நொடி ஆகும், ஆகவே ஓரிடத்தில் நின்று எண்ணுங்கள். மேனிஃபோல்ட் சூட்டுக்குப் பக்கத்திலும் ஸ்பார்க் கசியும் வயர் பக்கத்திலும் வேண்டாம். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அடாப்டர் தன் விலையை மீட்டுத் தருவது இந்த இடத்தில்தான்.

அதை ஏமாற்றும் நோய்கள் இரண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட் உடைவது இந்த வி8-களில் சகஜம். அந்த இடுக்கில் வெளிக்காற்று நுழைந்தால் சென்சர் லீன் என்கிறது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது, பிளக் கருத்துப்போகிறது. குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் சத்தம் கேட்டால் இதைச் சந்தேகியுங்கள். மற்றது மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டர் பற்றாமல் போவது: எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியேறுவதால் அந்த ஒரு பேங்க் மட்டும் லீனாகத் தெரியும். ஆகவே பி0300 முதல் பி0308 வரை மிஸ்ஃபயர் கோட் ஏதாவது இருந்தால் காயிலையும் பிளக்கையும் முதலில் முடியுங்கள்.

குறைகள்: கோட் அழிக்கும் பொத்தான் மிகவும் எளிதில் கைக்கு வருகிறது. அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவு போய்விடும். கோட் விழுந்தபோது ஆர்பிஎம், லோடு, ட்ரிம் என்ன என்பது அதில்தான் இருக்கிறது. முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ரெடினஸ் மானிட்டர்களும், அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததைக் காட்டும் குறிகளும், பூஜ்யமாகும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் புகைச் சோதனைக்கு 1996–2000 வண்டியில் இரண்டு மானிட்டர், 2001 முதல் ஒன்று வரைதான் முடியாமல் இருக்கலாம், எனவே சோதனைக்கு முந்தைய நாள் அழிக்காதீர்கள். 16-ஆம் பின்னில் எப்போதும் மின்சாரம் உண்டு. செருகியே விட்டால் சில வாரத்தில் பேட்டரி இறங்கும்.

பெட்ரோல் அழுத்தத்தை இந்த வண்டியில் எந்த மலிவு அடாப்டரும் காட்டாது. மேட்டில் ட்ரிம் ஏறினால், ஃப்யூல் ரெயில் வால்வில் மாட்டும் தனிக் கேஜ் ஒன்று கூடவே வேண்டும். பிடபிள்யூஎம் பேசும் அடாப்டருக்கு ஐந்துக்கு நான்கு. பேசாததற்கு இந்த பிக்கப்பில் பூஜ்யம்.