"யோசியாதையுங்கோ" என்று யாரும் சொல்லாத அறை: பதகளிப்புக் குழுவில் என் இரண்டு வருடங்கள்

பதகளிப்புக்கான குழுச் சிகிச்சையில் சேர்ந்து இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகிவிட்டன. யாழ்ப்பாணத்தில் இதற்குப் போவதா விடுவதா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இவர், என் கணவர், மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போனால், திரும்பி வருவதற்குள் நாலைந்து தரம் ஃபோன் எடுப்பேன். கனடாவில் இருக்கிற மகன் வட்ஸ்அப்பில் பதில் போடாவிட்டால் அன்றைக்கு நித்திரை இல்லை. நெஞ்சு படபடக்கும், கை விறைக்கும், வயிறு பிரட்டும். ஈசிஜி 3 தரம் எடுத்தாயிற்று, மூன்றும் சரி. சொந்தக்காரர் எல்லோருக்கும் ஒரே மருந்துதான்: "யோசியாதையுங்கோ." 6 மாதத்துக்கு மேலாக, அனேகமான நாட்களில், நிறுத்த முடியாத யோசனை இருந்தால் அது நோய்தான் என்று மனநல வைத்தியர் விளங்கப்படுத்தினார். எனக்கு அப்போது 11 வருடம் கடந்திருந்தது. செர்ட்ரலின் குளிசை தந்தார். அது வேலை செய்யச் சில கிழமை எடுத்தது. குழுவைப் பற்றிச் சொன்னதும் அவர்தான்.

8 பேர். கிழமைக்கு ஒருநாள், ஒன்றரை மணித்தியாலம், 12 கிழமை. பிறகு மாதம் ஒருமுறை.

என் பெரிய பயம் சிகிச்சையைப் பற்றியதல்ல, தெரிந்தவர் கண்ணில் படுவதைப் பற்றியது. "நீங்கள் ஆற்ற பிள்ளை?" என்ற கேள்வியோடு கதை தொடங்குகிற ஊர் இது. முதல் நாளே அறைக்குள் தெரிந்த முகம் ஒன்று. திரும்பி நடந்திருப்பேன், அந்த முகமும் என்னைப் போலவே வெளிறிப்போயிருந்ததால் இருந்துவிட்டேன். அங்கே கதைத்தது அங்கேயே என்பதுதான் முதல் விதி. இதுவரை என் கதை எதுவும் வெளியே வந்து என் காதில் விழவில்லை. மற்றவர்களின் கதையை நானும் இங்கே எழுதமாட்டேன், ஒன்றைத் தவிர. அதையும் உரியவரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

ஐந்தாவது கிழமை, "இவருக்கு ஒண்டும் நடக்காதுதானே?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குக் கோபமே வந்தது. எதிரில் இருந்த ஐயா மெல்லக் கேட்டார்: "நடக்காது எண்டு சொன்னா எவ்வளவு நேரத்துக்குக் காணும், தங்கச்சி?"

யோசித்துப் பார்த்தேன். "பத்து நிமிசம்."

"எனக்கும் அவ்வளவுதான்," என்றார்.

ஒவ்வொரு ஆறுதலும் பயத்தைக் கொஞ்ச நேரம் இறக்கும். அதனாலேயே, அந்த ஆறுதல் இல்லாமல் தாங்க முடியாது என்று மனம் பழகிவிடும் என வழிநடத்துபவர் படம் கீறிக் காட்டினார். அந்தக் கிழமை வீட்டுப்பாடம், இவருக்கு ஃபோன் எடுக்காமல் இருப்பது. 6.10க்கு வெளிக்கிட்டார். 6.40க்கு என் பயம் பத்துக்கு 9. அழுதேன். 7.05க்குக் கொப்பியில் 5 என்று எழுதினேன். அவர் இன்னும் வரவில்லை. பயம் தானாகவே இறங்கியிருந்தது. 11 வருடத்தில் அதை நான் கண்டதே இல்லை, ஏனென்றால் ஒருநாளும் அதுவரை பொறுத்ததில்லை.

குறைகளும் உண்டு. அமர்வு வேலைநாளில், அதுவும் காலையில். நாட்கூலிக்குப் போன ஒருவர் மூன்றாம் கிழமையோடு நின்றுவிட்டார். அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. ஏழாம் கிழமை வழிநடத்துபவர் மாற்றலாகிப் போக, புதியவரோடு பழகவே இரண்டு கிழமை போயிற்று. போரால் ஊரே வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவைப் பற்றி நான் தொடங்கியபோது, அந்த மனவடுவைத் தனியே ஒருவரோடு கதைப்பதுதான் பாதுகாப்பு என்று நிறுத்தினார்கள். அப்போது மனம் நொந்தது. பிறகு தனி ஆலோசனைக்குப் போனதும், அவர்கள் செய்தது சரி என்று பட்டது.

பதகளிப்பை அளக்கிற ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்விப் படிவத்தில் உச்சம் 21. சேரும்போது எனக்கு 17, பன்னிரண்டாம் கிழமையில் 9. மாரி மழைக்குப் பிறகு டெங்குக் காய்ச்சல் பரவிய காலத்தில் 13க்கு ஏறியது. இப்போது 6.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர்கள் குழு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் எடுத்துக் கதைக்கலாம்.

நேற்று இரவு மகன் பதில் போடவில்லை. ஃபோனை அறையில் வைத்துவிட்டுப் புட்டுக்கு மாக் குழைத்தேன். இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். முன்பென்றால் அடுப்பே மூட்டியிருக்கமாட்டேன்.